போனில் எடுத்த படமும் ஐயாயிரம் ரூபாயும்: திரைப்படக் கல்லூரிக்குப் போர்ட்ஃபோலியோ தயாரித்தல்

திரைப்படக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் கேமராவைப் பற்றித்தான். எதை வாங்கலாம், வாடகைக்குக் கிடைக்குமா, போனில் எடுத்தால் மதிப்பார்களா? தேர்வுக்குழுவில் உட்காருகிறவர்கள் காலம் முழுக்கக் கேமராவோடு புழங்கியவர்கள். படம் பளிச்சென்று இருக்கிறதே என்று அவர்கள் அசந்துபோக மாட்டார்கள். கேமராவை இயக்கக் கல்லூரியே சொல்லித்தரும். உள்ளே வரப்போகிற ஆள் எதைப் பார்க்கிறார், பார்த்ததில் எதை வைத்துக்கொள்கிறார், எதை விடுகிறார், ‘ஏன் இப்படி?’ என்று கேட்டால் வாயைத் திறந்து சொல்ல முடிகிறதா என்பதைத்தான் கவனிப்பார்கள்.

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே அளவுகோல்தான். ஒரு நோட்டு வாங்கி, போர்ட்ஃபோலியோவில், அதாவது தேர்வுக்குழுவுக்குக் காட்டும் உங்கள் வேலைகளின் தொகுப்பில், சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஏன்’ என்று எழுதிப் பதிலை நிரப்புங்கள். பதில் வராத வேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே போகட்டும்.

எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு

தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தைப் பழைய ஆட்கள் இன்னும் அடையாறு இன்ஸ்டிடியூட் என்றுதான் சொல்வார்கள். பிளஸ் டூ முடித்தவர்கள் அங்கே விண்ணப்பிக்கலாம். 1960இல் பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் தொடங்கிய புனே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம் (எஃப்டிஐஐ), 1995இல் கொல்கத்தாவில் தொடங்கிய சத்யஜித் ராய் திரைப்பட நிறுவனம் இரண்டும் மத்திய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் வருபவை. அங்கே முக்கியப் படிப்புகளுக்குப் பட்டம் வேண்டும். பணம் குறைவு என்றால் இந்த மூன்றில் ஆரம்பிப்பதே புத்திசாலித்தனம். தனியார் கல்லூரிகளில் கட்டணம் லட்சங்களில்தான் பேசப்படும்.

ஒன்றைக் கவனியுங்கள். புனே, கொல்கத்தா போன்ற இடங்களில் முதலில் எழுத்துத் தேர்வு, அதைத் தாண்டியவர்களுக்கே நேர்காணல். போர்ட்ஃபோலியோவை மட்டும் தயார்செய்துவிட்டுத் தேர்வுக்குப் படிக்காமல் போனால் அதைத் திறந்துகாட்ட வாய்ப்பே வராது. வேறு பல கல்லூரிகளில், குறிப்பாக வெளிநாட்டில், விண்ணப்பத்தோடு சேர்த்தே வேலைகளைக் கேட்பார்கள். அந்த வருட அறிவிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். எத்தனை படம், எத்தனை நிமிடம், எந்தக் கோப்பு வடிவம் என்பதெல்லாம் அதில் இருக்கும். மூன்று நிமிடம் என்று கேட்ட இடத்தில் நான்கு நிமிடம் அனுப்புகிறவர், சொன்னதைக் கேட்காத ஆள் என்று முதலிலேயே பெயர் வாங்கிவிடுவார். விண்ணப்பக் கட்டணச் சலுகை உண்டா என்பதையும் அதே அறிவிப்பில் பாருங்கள். சலுகை இருந்தால் அதற்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். தாலுகா ஆபீஸ் கடைசித் தேதிக்காக வேகமெடுக்காது.

பிரிவைப் பொறுத்து வேலையும் மாறும். இயக்கம் என்றால் ஒரு குறும்படமும் எழுத்தும். ஒளிப்பதிவு என்றால் புகைப்படங்கள். படத்தொகுப்பு என்றால் ஒரே காட்சியை இரண்டு விதமாக வெட்டிக் காட்டலாம்: ஒன்றில் அம்மா பக்கம், இன்னொன்றில் மகன் பக்கம். கலை இயக்கத்துக்கு ஓவியங்கள், சின்ன மாதிரிகள். ஒலிப்பதிவு என்றால் படமே வேண்டாம். விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு பஸ் ஸ்டாண்டு விழித்துக்கொள்வதை மூன்று நிமிட ஒலியாகத் தொகுத்தால் போதும். கையில் காசே இல்லாதவருக்கு இதைவிடச் செலவில்லாத போர்ட்ஃபோலியோ கிடையாது, ஆனாலும் அந்தப் பக்கம் போகிறவர்கள் குறைவு. புனேயில் ஒலிப் பிரிவுக்குப் பிளஸ் டூவில் இயற்பியல் படித்திருக்க வேண்டும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

காசை எங்கே போடுவது

ஐயாயிரம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சட்டைக் காலரில் மாட்டும் வயர் மைக் சுமார் ஆயிரம். தெர்மோகோல் ஷீட், பட்டர் பேப்பர், இரண்டு மீட்டர் கறுப்புத் துணி, துணி காயப்போடும் கிளிப் எல்லாம் சேர்த்து ஐந்நூறு. நல்ல பென் டிரைவ் ஒன்று, அதற்கு அறுநூறு வரை போகும். புகைப்படப் பிரிண்டுகளுக்கு ஐந்நூறு. சாப்பாடு, டீ, பஸ் செலவுக்கு ஆயிரத்து ஐந்நூறு. மீதியைத் தொடாதீர்கள், கடைசி வாரத்தில் ஏதாவது ஒன்று கட்டாயம் கெடும்.

குறைக்க வேண்டும் என்றால் எதில் வேண்டுமானாலும் குறைக்கலாம், சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். சம்பளம் வாங்காமல் வெயிலில் நிற்க வந்த நண்பனுக்கு மத்தியானம் ஒரு பிரியாணிப் பொட்டலம் கொடுக்கவில்லை என்றால், இரண்டாம் நாள் அவன் போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகிவிடும்.

கேமரா வாடகைக்கு எடுக்க நான் சொல்லமாட்டேன். ஒரு நாள் வாடகை கட்டியவர் அந்த ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துமுடிக்கப் பறப்பார். போன் உங்களுடையது. சரியாக வரவில்லை என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே தெருவுக்குப் போய் மறுபடி எடுக்கலாம். காசு இல்லாதவரிடம் உள்ள பெரிய சொத்து நேரம்தான். அதைச் செலவழியுங்கள். கடைசித் தேதிக்கு மூன்று மாதம் முன்பாவது தொடங்கிவிடுங்கள்.

என்ன எடுப்பது

முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். உங்களால் கேட்டுக் காசில்லாமல் உள்ளே நுழைய முடிகிற இடங்கள், நீங்கள் சொன்னால் வந்து நிற்கிற ஆட்கள். மாமாவின் லாண்டரிக் கடை, ஊரில் பூட்டிக் கிடக்கும் பாட்டி வீடு, காலையில் பூ கட்டும் பக்கத்து வீட்டு அக்கா, ஒரு மீன்பாடி வண்டி. கதையை இந்தப் பட்டியலிலிருந்து எடுங்கள். கதையை எழுதிவிட்டு அதற்கு இடம் தேடிப் போனால் செலவு ஆரம்பித்துவிடும்.

இதில் சிக்கனம் தாண்டியும் ஒரு லாபம் உண்டு. லாண்டரிக் கடையில் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போடும் நேரம், துணியில் குறி போடும் விதம், வாங்க வராத சட்டைகளை எங்கே வைப்பார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், தேர்வுக்குழுவுக்குத் தெரியாது. தெரியாததைக் காட்டுகிறவரை யாரும் நிறுத்தமாட்டார்கள். இதைவிட்டுப் போதைப்பொருள் கும்பல், சீரியல் கொலைகாரன், காதல் தோல்வியில் தற்கொலை, கடைசியில் எல்லாம் கனவு என்று முடிக்கும் கதை எல்லாம் மாணவர் குறும்படங்களில் அடித்துத் துவைக்கப்பட்டவை. அட்டைத் துப்பாக்கி திரையில் அட்டைத் துப்பாக்கியாகத்தான் தெரியும்.

நீளம் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். இரண்டு பேர், ஒரு இடம், ஒருவருக்கு ஒன்று வேண்டும், அது உடனே கிடைக்கவில்லை. இவ்வளவு இருந்தால் காட்சி நடந்துவிடும். வசனத்தைக் குறையுங்கள். நடிக்கத் தெரியாத நண்பர்கள் பேசும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள். கையில் ஒரு வேலையைக் கொடுத்து, அதைச் செய்யச் சொல்லி எடுத்தால் இயல்பாக இருப்பார்கள்.

ரயில் நிலையம், மெட்ரோ, கோயில் உள்புறம் போன்ற இடங்களில் அனுமதி இல்லாமல் எடுக்க வேண்டாம். காவலரிடம் விளக்கம் சொல்வதிலேயே பாதி நாள் போய்விடும்.

புகைப்படங்கள்

ஒளிப்பதிவுக்குப் போகாதவர்களும் ஒரு புகைப்படத் தொடர் வைத்திருப்பது நல்லது. தனித்தனியாக அழகாக இருக்கும் இருபது படங்களைவிட, ஒரே விஷயத்தைச் சுற்றி வரும் பத்துப் படங்கள் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும். சூரிய அஸ்தமனம், சிரிக்கும் குழந்தை, சுருக்கம் விழுந்த முகம் என்று எல்லாரும் எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு ரேஷன் கடை வரிசையை ஒரு மாதம் தொடர்ந்து எடுத்துப் பாருங்கள். தூரத்திலிருந்து, கிட்டத்தில், வெறும் கைகள், ஆளில்லாத நேரத்தில் கல்லும் செருப்பும் வரிசையில் இடம் பிடித்திருப்பது. எடுத்ததைப் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பி, எது முதல், எது கடைசி என்று இடம் மாற்றிப் பாருங்கள். ஃபில்டர் போட்டு வண்ணத்தைக் கொட்டாதீர்கள். முகம் தெரிய எடுத்தால் கேட்டுவிட்டு எடுங்கள். குழந்தை என்றால் பெற்றோரிடம் கேளுங்கள்.

போனில் படம் பிடித்தல்

போனோடு வரும் கேமரா செயலி எல்லாவற்றையும் தானே முடிவுசெய்யும். ஆள் ஜன்னலைத் தாண்டி நடந்தால் வெளிச்சம் ஏறி இறங்கும், ஃபோகஸ் அலையும். இதை நிறுத்த, கையால் கட்டுப்படுத்தும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் ஓப்பன் கேமரா இலவசம். பிளாக்மேஜிக் கேமராவும் இலவசம்தான், ஆனால் பழைய போன்களில் ஓடாமல் போகலாம். ஃபோகஸ், வெளிச்சம், ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்வது) மூன்றையும் ஷாட்டுக்கு முன்னால் பூட்டிவிடுங்கள்.

அடுத்தது பலருக்குத் தெரியாத தொல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் ட்யூப் லைட்டும் சில எல்இடி பல்புகளும் வினாடிக்கு நூறு முறை மின்னும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். போன்கள் வழக்கமாக வினாடிக்கு 30 ஃப்ரேமில், அதாவது 30 தனிப் படங்களாக எடுப்பதால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். 25 ஃப்ரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமிலும் வெளிச்சம் விழும் நேரம்) 1/50 வினாடி என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வெயிலில் வேறு பிரச்சினை. பெரும்பாலான போன் லென்ஸ்களின் துவாரத்தைச் சுருக்க முடியாது. உச்சி வெயிலில் ஷட்டர் வேகம் தறிகெட்டு ஏறும், அசைவு வெட்டி வெட்டித் தெரியும், முகத்தில் கண் இருக்கும் இடம் இருட்டுக் குழியாகும். காலை ஒன்பது மணிக்குள்ளும் மாலை நான்குக்கு மேலும் எடுங்கள். நடுப்பகலில் வீட்டுக்குள் ஜன்னல் ஓரம் போதும். மட்டக்களப்பில் பிறந்து, புனேயில் ஒளிப்பதிவு படித்து 1969இல் வெளியே வந்த பாலுமகேந்திரா இயற்கை ஒளிக்குப் பேர்போனவர். ஜன்னல் வெளிச்சம் ஏழைக்கு மட்டுமான ஏற்பாடு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஆளை உட்கார வையுங்கள். மறுபக்கம் முகம் அதிகம் இருண்டால் தெர்மோகோலைப் பிடியுங்கள். இருட்டு போதவில்லை என்றால் தெர்மோகோலை எடுத்துவிட்டுக் கறுப்புத் துணியைப் பிடியுங்கள். வெளிச்சம் கடுமையாக இருந்தால் ஜன்னலில் பட்டர் பேப்பர் ஒட்டுங்கள். இந்த மூன்றை மாற்றி மாற்றி ஒரே முகத்தை எடுத்துப் பார்ப்பதே நல்ல பயிற்சி, அந்த வரிசையைப் போர்ட்ஃபோலியோவிலும் வைக்கலாம். ராத்திரிக் காட்சிக்கு பல்பு வாங்கினால் பெட்டியில் கெல்வின் எண்ணைப் பாருங்கள். 2700, 3000 என்றால் மஞ்சள், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. ஒரே அறையில் இரண்டையும் தெரியாமல் கலந்தால் முகத்தில் பாதி ஒரு நிறமும் பாதி இன்னொரு நிறமுமாக நிற்கும்.

ட்ரைபாட் இல்லை என்றால் ஒரு துணிப் பையில் ஒரு கிலோ அரிசியைக் கட்டி, அதன்மேல் போனை அழுத்தி வையுங்கள். சுவர், ஸ்டூல், ஸ்கூட்டர் சீட் எதுவும் ட்ரைபாட்தான். போனில் விரலால் ஜூம் செய்யாதீர்கள், நடந்து கிட்டே போங்கள். லென்ஸை ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் துடையுங்கள். ஏரோப்ளேன் மோடு மறக்காதீர்கள். அருமையான டேக்கின் நடுவில் கடன் வேண்டுமா என்று யாராவது கூப்பிடுவார்கள்.

சத்தம்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கேட்கவில்லை என்றால் அரை நிமிடத்தில் மூடிவிடுவார்கள். மாணவர் படங்கள் அதிகம் தோற்கும் இடம் இதுதான், செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய இடமும் இதுதான்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் கேமரா போனின் மைக்கை நம்பாதீர்கள். நண்பனின் போனைக் கேட்டு வாங்கி, அதில் காலர் மைக்கைச் செருகி, நடிப்பவர் சட்டைப் பையில் போட்டு ரெக்கார்டிங்கை ஓடவிடுங்கள். ஷாட் தொடங்கும்போது கேமரா முன்னால் ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். எடிட்டிங்கில் அந்தக் கை சேரும் ஃப்ரேமையும் சத்தத்தின் முனையையும் பொருத்தினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

எடுக்கப்போகும் இடத்தில் முதலில் கண்ணை மூடி ஒரு நிமிடம் உட்காருங்கள். ஃபேன், பக்கத்து வீட்டு மிக்ஸி, தண்ணீர் மோட்டார், தெருமுனை லவுட் ஸ்பீக்கர் எல்லாம் அப்போதுதான் காதில் விழும். ஆடி மாதம் அம்மன் கோயில் தெருவில் வசனக் காட்சி வைக்காதீர்கள். ஃபேனை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜை அணைத்தால் உங்கள் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள்ளேயே வையுங்கள், திரும்பப் போடாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. எல்லாம் முடிந்தபின் யாரும் அசையாமல் அந்த அறையின் வெறும் சத்தத்தை முப்பது வினாடி பதிவுசெய்யுங்கள். வசனத்துக்கு நடுவே வெட்டும் இடங்களில் அதைப் போட்டு நிரப்பினால்தான் ஓட்டை தெரியாது.

சத்தம் கெட்டே போய்விட்டதா? டப்பிங் நம் ஊருக்குப் புதிதில்லை. வீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பேசினால் எதிரொலி பெருமளவு அடங்கும். காலடி, டம்ளர் வைக்கும் சத்தம், கதவு எல்லாவற்றையும் தனியாகப் பதிவுசெய்து சேர்க்கலாம்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள். உரிமைச் சிக்கல் ஒரு பக்கம், யூடியூப் தடுத்துவிடலாம். அதைவிட, அந்தப் பாட்டு வரவழைக்கும் உணர்ச்சி உங்கள் படம் சம்பாதித்தது இல்லை என்பது கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

வெட்டுதல்

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும், ஆனால் அதற்கு ஓரளவு தெம்பான கம்ப்யூட்டர் வேண்டும். பழைய லேப்டாப் என்றால் ஷாட்கட் அல்லது கேடென்லைவ். இரண்டும் இலவசம். போன்கள் ஃப்ரேம் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிக்கொண்டே பதிவுசெய்யும் என்பதால், போகப் போக உதடும் குரலும் விலகும். எடிட்டிங் தொடங்கும் முன் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, வேகம் மாறாத கோப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். சத்தத்தைச் சுத்தம்செய்ய ஆடாசிட்டி.

முதல் வெட்டு எப்போதும் நீளமாகத்தான் இருக்கும். ஒரு வாரம் திறக்காதீர்கள். பிறகு, படப்பிடிப்புக்கு வராத ஒருவரை உட்காரவைத்துக் காட்டி, நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். கண் போனுக்குப் போகும் இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கே வெட்டுங்கள். அந்த ஷாட்டுக்காக மொட்டை மாடியில் எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

தயவுசெய்து ‘பிக்சர்ஸ் வழங்கும்’ என்று சுழன்று வரும் லோகோ, அதன்பின் நன்றி அட்டைகள், அதன்பின் டைட்டில் என்று ஒரு நிமிடத்தைத் தின்னாதீர்கள். நிறையப் படங்களைப் பார்த்து அலுத்தவரின் முதல் முப்பது வினாடி உங்களுக்குக் கிடைக்கிறது. அதில் லோகோவைக் காட்டுவது வீண். பெயர்களெல்லாம் கடைசியில் வரட்டும்.

தமிழில் எடுங்கள், ஆங்கில சப்டைட்டில் போடுங்கள். சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருள் இலவசம். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வரிக்கு நாற்பது எழுத்துக்குள் நிறுத்துங்கள். ‘டேய்’, ‘அட போப்பா’ எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

எழுத்து

திரைக்கதை எழுதும்போது ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஆங்கிலத்தில், கூரியர் எழுத்துருவில், 12 புள்ளி அளவில் எழுதும்போது ஏறத்தாழப் பொருந்துவது. தமிழ் எழுத்துரு வேறு, சொல் நீளம் வேறு. அதனால் போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டுவிட்டு, காட்சியை மனதில் ஓட்டி வசனத்தை வாய்விட்டுப் படித்து அளந்துகொள்ளுங்கள். காட்சி எண், உள்ளே அல்லது வெளியே, இடம், பகல் அல்லது இரவு என்று தலைப்பு. அதன்கீழ் கண்ணுக்குத் தெரிவதும் காதில் கேட்பதும் மட்டும். ‘அவன் மனதில் பழைய நினைவுகள் அலைமோதின’ என்று எழுதினால் கேமராவை எங்கே வைப்பது?

ஏன் சேர விரும்புகிறேன் என்ற கடிதத்தை எல்லாரும் ஒரே மாதிரித் தொடங்குகிறார்கள்: சின்ன வயதிலிருந்தே சினிமா என்றால் உயிர். அந்த வரியை அடித்துவிடுங்கள். நீங்கள் பார்த்த ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அதில் கேமரா எங்கே நின்றது, ஏன் அங்கே நின்றது, நீங்களாக இருந்தால் எங்கே வைப்பீர்கள் என்று எழுதுங்கள். அப்புறம் உங்கள் ஊரைப் பற்றி, இதுவரை செய்த வேலையைப் பற்றி. செல்போன் கடையில் வேலை பார்த்தது, கல்யாண வீடியோவுக்கு லைட் பிடித்தது எல்லாம் எழுதத் தகுந்தவைதான். ஏழ்மையைச் சொல்லலாம், அதைச் சொல்லி இரக்கம் கேட்க வேண்டாம். ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டும் என்றால் முதலில் தமிழில் யோசித்து எழுதிவிட்டு, எளிய ஆங்கிலத்தில் மாற்றி, தெரிந்த ஆசிரியரிடம் காட்டுங்கள். காசு வாங்கி எழுதிக்கொடுப்பவர்களிடம் போகாதீர்கள். அந்தப் பளபளப்பான வாக்கியங்களைப் பற்றி நேர்காணலில் கேட்டால் நீங்கள்தான் முழிக்க வேண்டும்.

உலக சினிமா பார்க்கவும் பெரிய செலவில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையதளத்தில் உரிமைக் காலம் முடிந்த பழைய மௌனப் படங்கள் இலவசம். சத்தம் இல்லாமல் எப்படிக் கதை சொன்னார்கள் என்பதற்கு அவை நல்ல பாடம். பக்கத்தில் ஃபிலிம் சொசைட்டி இருந்தால் போய் உட்காருங்கள். தரமணிப் பக்கம் போனால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் போய்வாருங்கள், தமிழ் சினிமா பற்றிய பழைய அச்சுப் பொருள்கள் அங்கே இருக்கின்றன.

கட்டி அனுப்புதல்

கேட்டதைவிடக் குறைவாக வைத்தாலும் பலவீனமானதை வைக்காதீர்கள். பலமான வேலை முதலில், அடுத்த பலமானது கடைசியில். யூடியூபில் ஏற்றினால் ‘அன்லிஸ்டெட்’ என்று வையுங்கள், இணைப்பு கையில் உள்ளவர்கள் பார்க்கலாம். ‘பிரைவேட்’ என்று வைத்தால் அனுமதி கொடுத்தவரைத் தவிர யாராலும் திறக்க முடியாது. கூகுள் டிரைவ் என்றால் இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற அனுமதியைக் கொடுத்துவிட்டு, உங்கள் கணக்கு இல்லாத வேறு போனில் திறந்து சோதியுங்கள். கோப்புக்கு ‘ஃபைனல் ஃபைனல் புதுசு’ என்று பெயர் வைக்காமல் உங்கள் பெயர், பிரிவு, வேலையின் பெயர் என்று வையுங்கள். எல்லாவற்றுக்கும் நகல் குறைந்தது இரண்டு இடத்தில் இருக்கட்டும். கடைசி நாள் ராத்திரி விண்ணப்பத் தளம் திணறும், இரண்டு மூன்று நாள் முன்பே ஏற்றி முடியுங்கள்.

கூட்டாகச் செய்த வேலை என்றால் அதில் உங்கள் பங்கு எது என்று ஒரு வரி எழுதுங்கள். நண்பன் எடுத்த ஷாட்டை நீங்கள் எடுத்ததாகக் காட்டினால், எந்த லென்ஸ், எத்தனை மணி வெளிச்சம் என்று இரண்டு கேள்வியில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நேர்காணலுக்கு முந்தைய வாரம் அந்த நோட்டை எடுங்கள். ஒவ்வொரு ‘ஏன்’ பதிலையும் ஒரு நண்பரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அவர் குறுக்கே கேட்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகுங்கள். பிரிண்டுகளை ஒரு கோப்பில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நேர்காணல் நடக்கும் அறையில் நெட் வராது என்றே வைத்துக்கொண்டு, படத்தைப் பென் டிரைவிலும் போனிலும் ஏற்றி, கூடவே ஒரு நல்ல இயர்போனையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.